சுங்கை சிப்புட்டில் இருப்பதா, ஈப்போவுக்குப் போவதா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயன்கள் காலியான பிறகு, பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் மலிவு விலை வீடு வாங்கிக் குடிவந்தோம். கணவருக்கு 40 வயது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் இங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து 5,200 ரிங்கிட். மகள் படிவம் 3, மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4. மாமியார் எங்களோடு இருக்கிறார். என் பெற்றோரைவிடப் பல மடங்கு சம்பாதித்தும் நிம்மதி இல்லை. பின் லோரோங்கில் விளக்கு எரிந்து பல மாதம் ஆகிறது. கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. எங்கள் வரிசையில் இருவருக்கு டிங்கி வந்துவிட்டது. ஆளில்லாத வீடு ஒன்றில் குப்பை குவிகிறது. மைதானத்தில் ஊஞ்சல் உடைந்து கிடக்க, இரவில் பையன்கள் கூட்டம் கூடுகிறார்கள். எந்தத் தாமான் என்று தோழிகளிடம் சொல்ல என் மகள் கூச்சப்படுகிறாள். கணவர் ஈப்போவில் 350,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். "வசதியானவர்கள் இருக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் உருப்படும்" என்கிறார். எங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் இந்த இடம் இப்படி ஆனதா, இந்த இடத்தில் இருப்பதால்தான் நாங்கள் இப்படி இருக்கிறோமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீடு வாங்குவதா வேண்டாமா என்பதைவிட உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆகவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்றவர்கள் குடியிருப்பதால் அந்தத் தாமான் சீர்கெடவில்லை. வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதிகளில் விளக்கும் கால்வாயும் மைதானமும் மோசமாக இருப்பது உண்மைதான். பல நாடுகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பு மனிதர்களின் குணத்தால் உண்டாவதில்லை. வரி எப்படித் திரட்டப்படுகிறது, நிலம் யாருக்குச் சொந்தம், சேவையை யார் கேட்கிறார்கள், யார் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பவற்றால் உண்டாகிறது. நகரத் திட்டமிடல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் அவற்றை உங்களுக்கு விளக்கினால், எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதை நீங்களே பிரித்துப் பார்க்க முடியும் என்று நம்புகிறேன்.

நீங்கள் வளர்ந்த தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். சம்பளம் சொற்பம். ஆயினும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், திடல், மருந்துக்கொட்டகை எல்லாம் பெரும்பாலான தோட்டங்களில் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு, குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட முதலாளிகளின் கடமையாகவே வைத்திருக்கிறது. இதைச் சொல்வதால் லயன் வாழ்க்கையை நான் உயர்த்திப் பேசுவதாக எண்ண வேண்டாம். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் ஒரு குடும்பம் எதையும் சேர்த்து வைக்க முடியாது. தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்த அரசாங்கத்தின் சாலை, குடிநீர், மின்சாரத் திட்டங்கள் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டதும் பெரிய அநீதி. ஆனாலும் அன்று குறைந்த வருமானத்துக்கு நடுவிலும் சில வசதிகளை இடமே கொடுத்தது. வெளியேறியபோது சம்பளம் கூடியது. இடம் கொடுத்து வந்தவற்றை இனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றும் ஆனது. பிள்ளைப் பராமரிப்பு, மோட்டார் சைக்கிளும் காரும், பெட்ரோல், ஜன்னலுக்கு இரும்புக் கிராதி, கிளினிக் செலவு என்று அந்தப் பட்டியல் நீளும். பல மடங்கு சம்பாதித்தும் நிம்மதி இல்லாததற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். நீங்கள் நன்றி கெட்டவர் என்பதோ, ஆசை மிகுந்தவர் என்பதோ அன்று.

அரசாங்கத்தின் அளவுகோல்களும் இந்த வேறுபாட்டைப் பிடிப்பதில்லை. 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி வறுமைக்கோடு மாதம் 2,589 ரிங்கிட்; நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 6,338 ரிங்கிட்; வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டுக் குடும்பங்கள் அடங்கிய பி40 பிரிவின் எல்லை ஏறக்குறைய 5,250 ரிங்கிட். ஆக, நீங்கள் ஏழையும் அல்ல, நடுத்தரமும் அல்ல, இரண்டுக்கும் இடையில் ஒரு விளிம்பில் நிற்கிறீர்கள். இந்தக் கோடுகளும் கல்லில் வெட்டியவை அல்ல. பழைய 980 ரிங்கிட் கோட்டை 2020இல் 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியபோது, 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காட்டிலிருந்து 5.6 விழுக்காடாக மாறியது. யாருடைய வீட்டிலும் ஒரு ரிங்கிட்கூடக் குறையவில்லை. குடும்ப வருமானத்தை அளக்கும் கணக்கில் உங்கள் பின் லோரோங்கின் விளக்கு இடம்பெறுவதே இல்லை.

அந்த விளக்குக்கு வருகிறேன். நகராண்மைக் கழகத்தின் சொந்த வருவாயில் பெரும்பங்கு மதிப்பீட்டு வரி. தீபகற்பத்தின் பல ஊர்களில் அது வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது ஓராண்டுக்கு அந்த வீடு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. வாடகை குறைந்த ஊரில் வரி குறைவு. வரி குறைந்தால் குப்பை லாரியும் கால்வாய் துப்புரவாளரும் குறைவு. சேவை குறைந்த ஊரில் வீட்டு மதிப்பு ஏறுவதில்லை. மதிப்பு ஏறாததால் வரியும் ஏறுவதில்லை. வருமானத்துக்கும் வாழுமிடத்தின் தரத்துக்கும் இடையே உள்ள மிக நேரடியான தொடர்பு இந்தச் சுழல்தான். மேலும், குப்பை நிர்வாகத்தைக் கூட்டரசின் பொறுப்பில் வைக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேராக் நெடுங்காலம் ஏற்காததால், உங்கள் ஊரில் அந்தச் சுமையும் உள்ளூர்க் கழகத்தின் மீதே விழுந்து வந்தது.

இருக்கிற சேவையாவது சமமாகப் பங்கிடப்படுகிறதா என்றால், அதுவும் இல்லை என்பதுதான் என் அனுபவம். வசதியான தாமானில் ஒரு விளக்கு அணைந்தால் மறுநாளே யாராவது எழுதுவார்கள். எழுதத் தெரிந்தவர்களும், எழுத நேரமுள்ளவர்களும், அதிகாரியின் பெயர் தெரிந்தவர்களும் அங்கே அதிகம். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த இடத்தில், "சொன்னாலும் வரமாட்டார்கள்" என்று விட்டுவிடுகிறோம். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தால் இல்லாமலே ஆக்கப்பட்ட நாட்டில், கழக உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச் சீட்டால் அவரைக் கேள்வி கேட்க முடியாத நமக்குக் கடிதம் ஒன்றுதான் கருவி. ஆகவே அந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளக்கு எரியவில்லை என்று மட்டும் எழுதினால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று தேடவே ஒரு ஆள் வேண்டும். விளக்குக் கம்பத்தில் பொதுவாக ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு எண் பொறித்த தகடு இருக்கும். பகலில் போய் அந்த எண்ணைக் குறித்து, படம் எடுத்து, லோரோங்கின் பெயரோடும் அணைந்த மாதத்தோடும் எழுதுங்கள். புகாரைப் பதிவு செய்ததும் தரப்படும் எண்ணை வாங்காமல் திரும்ப வேண்டாம். சில வாரங்களில் பதில் வராவிட்டால் அதே எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்ட கழக உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் நகல் வைத்து மறுபடி எழுதுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் பொதுப் புகார் பிரிவு இருக்கிறது. கழகத்தின் முழுக் கூட்டம், வேறு தீர்மானம் இல்லாதவரை, பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தாமானிலிருந்து நான்கு பேர் போய்ப் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருந்தாலே அது கவனிக்கப்படும்.

ஆளில்லாத வீட்டின் கதை வேறு. உரிமையாளர் எங்கோ இருக்கிறார் என்று எல்லாரும் கைவிரிப்பார்கள். ஆனால் காலி வீட்டுக்கும் மதிப்பீட்டு வரி உண்டு. வரி அறிக்கை அனுப்புவதற்காகவே உரிமையாளரின் முகவரி கழகத்தின் வரிப் பிரிவில் இருக்கும். தொல்லை தரும் சொத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி அவருக்கு அறிவிப்பு அனுப்பக் கழகத்துக்கு அதிகாரமும் உண்டு. உங்கள் கடிதத்தில் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, அறிவிப்பு அனுப்பும்படி நேரடியாகக் கேளுங்கள். அங்கே தேங்கிய நீரில் கொசுப்புழு இருந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தனியாக எழுதுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் அவர்களுக்கு வலுவான அதிகாரம் தருகிறது. புகை அடித்துவிட்டார்கள் என்று மனம் ஆறிவிட வேண்டாம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டை சுமார் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டுவதுதான் உங்கள் வரிசையைக் காப்பாற்றும்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும், ஏனெனில் பணத்தால் ஓரளவே வாங்கக்கூடிய பகுதி இது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் சிக்காகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,700க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா, ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்பவைதான் கேள்விகள். வறுமையின் அளவு ஒன்றாக இருந்த பகுதிகளை ஒப்பிட்டபோதும், அப்படிக் கேட்கும் வழக்கம் உள்ள இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமைக்கும் வன்முறைக்கும் இடையே தெரிந்த தொடர்பில் பெரும்பங்கை இந்த ஒன்றே விளக்கியது. தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை ஓர் அமெரிக்கர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிர்வீட்டு அம்மா நம்மை அதட்டலாம், நம் அம்மா அவர் பிள்ளையை அதட்டலாம் என்றுதான் லயனில் வளர்ந்தோம். பல தோட்டங்களிலிருந்து பல திசையில் வந்து ஒரே தாமானில் குடியேறியவர்களுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. அதை மறுபடி உண்டாக்க வேண்டும். 1975இலிருந்து இந்த நாட்டில் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழு அதற்கு ஒரு வழி. உங்கள் தாமானில் அது பெயரளவுக்காவது இருக்கிறதா என்று மாவட்ட ஒற்றுமைத் துறை அலுவலகத்தில் விசாரித்து, இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். மலாய், சீன அக்கம்பக்கத்தாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வீட்டுப் பின்புறமும் அதே கால்வாய்தான் ஓடுகிறது. மைதானத்துப் பையன்களைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லும் முன், அவர்களில் எத்தனை பேர் உங்கள் தாமானின் பிள்ளைகள் என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவருக்குப் பெயரோடு தெரிந்திருக்கும்.

சேர்ந்து செய்வது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, உங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பங்கு வாங்கியவர்கள் உங்கள் தாத்தா பாட்டி போன்ற தோட்டத் தொழிலாளர்கள்தான். சிறு தொகைகளாகக் கட்டிய அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இனி உங்கள் கணவரின் வாதம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கக் கூடாது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், கடும் வறுமைப் பகுதிகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களிடையே குலுக்கல் நடத்தி, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடத்துக்குக் குடிபோக வாடகை உதவி தந்தார்கள். பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் பிற்பாடு கணக்கெடுத்தபோது, 13 வயதுக்கு முன் அப்படி இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்த நன்மை இல்லை. சற்றுப் பாதிப்பே காணப்பட்டது. பெற்றோரின் வருமானம் கூடவில்லை, ஆனால் அவர்களிடையே நீரிழிவும் மிகையான உடல் பருமனும் குறைந்தன. மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம் என்பதால் இதை நான் அலட்சியமாகக் கடந்துவிட மாட்டேன். ஆனால் மூன்றை நினைவில் வையுங்கள். அவர்கள் விட்டுப்போன இடங்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் அடுக்குமாடிகள்; உங்கள் தாமான் அப்படிப்பட்டதன்று. அவர்கள் வாடகை உதவியோடு போனார்கள். நீங்கள் கடனோடு போவீர்கள். மேலும், சுற்றியிருப்பவர்கள் நம்மைவிட அதிகம் சம்பாதிக்கும்போது நம் மனநிறைவு குறைகிறது என்று 2005இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தாமானின் பெயரைச் சொல்லக் கூசும் மகள், எல்லார் வீட்டிலும் இரண்டு கார் நிற்கும் தெருவில் வேறொன்றுக்குக் கூச நேரலாம். அவளுடைய கூச்சத்தை அதட்டி அடக்கப் பார்க்காதீர்கள். புகார்க் கடிதத்தை மலாயில் எழுத அவளை உதவச் சொல்லுங்கள். கம்ப எண்ணைக் குறிக்கும்போது அழைத்துப் போங்கள்.

கடன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பத்து விழுக்காடு முன்பணம் போக 315,000 ரிங்கிட் கடன். கணவரின் வயது 40 என்பதால், 70 வயது வரை என்ற வழக்கமான வங்கி வரம்பின்படி 30 ஆண்டுகள்தான் கிடைக்கும். வட்டி 4 விழுக்காடு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 1,500 ரிங்கிட். இபிஎப், சொக்சோ கழித்து உங்கள் கைக்கு வருவது சுமார் 4,600 ரிங்கிட். அதில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போகும். முன்பணம் 35,000 ரிங்கிட், பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி 6,000 ரிங்கிட், வழக்கறிஞர் செலவு எல்லாம் தனி. நாட்டின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60; கடனின் கடைசிப் பத்தாண்டு அதற்குப் பிறகு வருகிறது. அவருடைய 30 கிலோமீட்டர் பயணம் மிச்சமாகும். அதே பயணம் உங்கள் தலையில் விழும். மாமியார் உங்களோடு வந்தாலும், பழகிய கோயிலையும் மனிதர்களையும் விட்டுவிட்டு, யாரையும் தெரியாத தெருவில் பகல் முழுவதும் தனியாக இருப்பார். இவ்வளவையும் பார்த்தபின் என் தெளிவான கருத்து: அந்த வீட்டுக்கு இப்போது கையெழுத்துப் போட வேண்டாம்.

இடம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் எஸ்பிஎம் எழுதும் ஆண்டும், மகன் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குத் தயாராகும் ஆண்டும் ஒன்றாகவே வருகின்றன. மகளின் படிப்பைப் பாதியில் கலைக்காமலும், மகன் 13 வயதை எட்டுவதற்கு முன்பாகவும் மாறுவதற்கு அதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை. காத்திருப்பதால் மகனுக்கு ஓரளவு இழப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்; நல்ல சூழலில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் பயன் தருகிறது என்றுதான் அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மூச்சுமுட்டும் கடனுக்கு நடுவே கழியும் ஆண்டுகள் நல்ல சூழலில் கழிந்தவையாகா. அதுவரை, ஈப்போ வீட்டுக்கு நினைத்திருந்த தவணைக்கும் இன்றைய வீட்டுத் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதந்தோறும் தனிக்கணக்கில் போட்டு வாருங்கள். அதைச் சிரமமின்றிச் செய்ய முடிகிறதா என்பதே, அந்தக் கடனைத் தாங்குவீர்களா என்பதற்கு வங்கி அதிகாரி சொல்வதைவிட நம்பகமான விடை. காலம் வரும்போது முதலில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, இப்போதைய வீட்டை வாடகைக்கு விட்டு, ஓராண்டு அங்கே வாழ்ந்து பாருங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டு விலையைப் பார்க்காமல், மகன் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய பள்ளி இருக்கிறதா, பேருந்து நிற்கிறதா, இரவு எட்டு மணிக்குப் பின் லோரோங்கில் விளக்கு எரிகிறதா என்று இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.